கணனியைப் புதுப்பிக்கும் முன் ஒரு வார்த்தை

பெருநாளுக்கு முந்திய வாரம் புடைவைக் கடைக்காரனுக்கு எப்படிப்பட்ட வாரம் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படியொரு வாரத்தில், கடை திறந்த கையோடு எனது மடிக்கணனி எழும்ப மறுத்துவிட்டது. கறுப்புத் திரையில் நாலு வரி ஆங்கிலம், அவ்வளவுதான். பில் போடுவதும் அதில்தான், கடன் கணக்கும் அதில்தான்.

முதல் நாள் இரவு கடை பூட்டும் நேரத்தில் அப்டேட் செய்யவா என்று கணனி கேட்டிருக்கிறது. கடைப் பையனும் சரியென்று அழுத்திவிட்டு, வேலை முடியுமுன் மூடியைச் சாத்திப் பைக்குள் வைத்துவிட்டான். இரவோடிரவாக பெட்டரியும் இறங்கிவிட்டது. குற்றம் பையனுடையதல்ல. அவனுக்குச் சொல்லிக் கொடுக்காத என்னுடையது.

எனது கணனியில் இருப்பது உபுண்டு என்னும் லினக்ஸ். யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள். "சும்மா கிடைக்கிற சாமான் இப்படித்தான்" என்றார் ஒரு நண்பர். நான் இதை ஏற்கவில்லை. 2024 ஜூலையில் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரேயொரு அப்டேட்டினால் உலகெங்கும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணனிகள் முடங்கின. விமானங்கள் கூட நின்றன. அவையெல்லாம் காசு கொடுத்து வாங்கிய சாமான்கள்தான். இன்னும் சிலர், அப்டேட்டே செய்யாமல் விட்டால் தொல்லையில்லை என்கிறார்கள். அது கள்வனுக்குத் தெரிந்துவிட்ட பூட்டை மாற்றாமல் விடுவது போன்றது. அப்டேட் செய்யத்தான் வேண்டும். ஆனால் திரும்பி வர ஒரு வழியை வைத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

அன்று என்னைக் காப்பாற்றியதும் அந்த வழிதான். பக்கத்துக் கடைக்காரரின் மகன் வந்து பார்த்துவிட்டு, "பழைய கேர்னல் அப்படியே இருக்கு மாமா" என்றார். கேர்னல் என்பது லினக்ஸின் இதயம். புதியது வந்தாலும் முந்தியதை உபுண்டு உடனே அழித்துவிடாது. கணனி எழும்பும்போது எஸ்கேப் பொத்தானையோ, பழைய கணனியானால் ஷிப்ட் பொத்தானையோ அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ் என்பதற்குள் போய்ப் பழைய கேர்னலைத் தெரிவு செய்தோம். கணனி எழும்பியது. பாதியில் நின்ற அப்டேட்டையும் முடித்தோம். அரை மணித்தியால வேலை. தெரியாததால் வீணானது அரை நாள் வியாபாரம்.

அதன்பின் எங்கள் கடையில் சில ஒழுங்குகள் வந்தன. சனநெருக்கமான வியாபார நாட்களில் அப்டேட் இல்லை. செய்யும்போது சார்ஜர் குத்தியிருக்க வேண்டும், பெட்டரியும் நிறைந்திருக்க வேண்டும். டிஸ்க்கில் போதிய இடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இடமில்லாவிட்டால் புதிய கேர்னல் அரைகுறையாகப் பதிந்து நிற்கும். டைம்ஷிப்ட் என்ற இலவச மென்பொருளால் அப்டேட்டுக்கு முன் கணனியின் அமைப்பைப் பிரதி எடுத்து வைக்கிறோம். ஆனால் வழமையான அமைப்பில் அது நமது சொந்தக் கோப்புகளைப் பிரதி எடுப்பதில்லை. எனவே கணக்குகளை ஒவ்வொரு நாளும் வேறாகப் பென் டிரைவில் ஏற்றுகிறோம். லினக்ஸை எழுப்பக்கூடிய இன்னொரு பென் டிரைவும் லாச்சியில் இருக்கிறது.

ராஸ்ப்பெரி பை என்ற சின்னக் கணனியைப் பில் போட வைத்திருப்போருக்கு வேலை இன்னும் இலகு. அதன் உயிர் பெரும்பாலும் ஒரு மெமரி கார்ட்டில்தான். கணனியை நிறுத்திவிட்டு அந்தக் கார்ட்டை இன்னொன்றில் பிரதி எடுத்த பின் அப்டேட் செய்யுங்கள். பிழைத்தால் கார்ட்டை மாற்றிப் போடலாம். பெரிய பதிப்பு மாற்றமானால் பழையதன் மேல் ஏற்றாமல், புதிய கார்ட்டில் புதிதாகப் பதிவதே நல்லது.

வாப்பா காலத்தில் கடன் கொப்பி இரண்டு இருந்தது. ஒன்று கடையில், மற்றது வீட்டு அலுமாரியில். கொப்பி போய்க் கணனி வந்ததும் நாம் அந்த இரண்டாவதை மறந்துவிட்டோம்.

உங்கள் கணனி இன்று நன்றாகத்தான் இருக்கும். இருக்கும்போதே ஒரு முறை பழைய கேர்னலில் எழுப்பிப் பாருங்கள். கடையில் நிற்கும் பிள்ளைகளுக்கும் காட்டிக் கொடுங்கள்.