ஊர் அறிந்தால் மட்டும் போதுமா?



"ஊரே கூடியிருந்து நடத்திய நிக்காஹ். பள்ளிவாசல் தஃப்தரில் கையொப்பமும் ஆகிவிட்டது. இதற்கு மேல் சர்க்கார் அலுவலகத்தில் போய் எதைப் பதிய வேண்டும்?" தூத்துக்குடியிலும் அதனை அடுத்த புதுக்கோட்டையிலும், காயல்பட்டினத்திலும் குலசேகரன்பட்டினத்திலும் இந்தக் கேள்வியை இன்றும் கேட்கலாம். பெரியவர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை. சாட்சிகள் முன்னிலையில் ஈஜாபும் கபூலும் நடந்து, மஹரும் பேசப்பட்டுவிட்டால் மார்க்கத்தின் பார்வையில் நிக்காஹ் நிறைவேறிவிடுகிறது. அதனை எந்தச் சட்டமும் மறுக்கவில்லை. ஆனால், நடந்ததை நாளை யாரிடம், எதைக் கொண்டு மெய்ப்பிப்பது என்பது வேறு கேள்வி. இம்மாதம் நாம் சிந்திக்க வேண்டியது அதனைத்தான்.

சட்டம் சொல்வது என்ன? 2006 பிப்ரவரி 14 அன்று, சீமா எதிர் அஸ்வினி குமார் என்னும் வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லாச் சமயத்தாரின் திருமணங்களும் கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டும் என்றும், மாநிலங்கள் அதற்கு வழி செய்ய வேண்டும் என்றும் ஆணையிட்டது. அதன் வழியே தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த நாளுக்குப் பின் தமிழ்நாட்டில் நடைபெறும் திருமணம் எச்சமயத்தாருடையதாயினும், 90 நாள்களுக்குள் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாள்கள் தவணை உண்டு. அதுவும் கடந்தால் சட்டத்தை மீறிய குற்றமாகும்.

இதில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. பதிவு ஒன்றே ஒரு திருமணம் செல்லும் என்றோ செல்லாது என்றோ முடிவு செய்துவிடாது. ஆயினும் சான்று என்ற வகையில் அதற்குப் பெருமதிப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றமே அத்தீர்ப்பில் தெளிவுபடுத்தியுள்ளது. ஆக, சார்பதிவாளர் நிக்காஹ் நடத்தி வைப்பவர் அல்லர். நடந்த நிக்காஹை எழுதி வைப்பவர். கத்தீபின் இடத்தை அவர் எடுத்துக்கொள்வதில்லை. தஃப்தருக்கு அவருடைய ஏடு போட்டியும் அன்று.

எழுதி வைப்பது நமக்குப் புதிய பாடமா, என்ன? திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனமாகிய அது, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்வதையும் சாட்சிகளை வைத்துக் கொள்வதையும் பற்றியது. தவணைக் கடனுக்கே இவ்வளவு பேணுதல் வேண்டுமென்றால், ஒரு பெண்ணின் வாழ்க்கையும் அவள் மக்களின் வாரிசுரிமையும் அடங்கிய ஒப்பந்தத்தை எவ்வளவு பேணுதலுடன் எழுதி வைக்க வேண்டும்!

நம் கடற்கரையார் தொழில் நிமித்தம் சென்ற நாடுகளிலும் இதுவே வழக்கம். மலாயாவும் சிங்கப்பூரும் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தபோது, 1880இலேயே முஸ்லிம் திருமணங்களைப் பதிவு செய்வதற்கென அங்குத் தனிச் சட்டம் பிறந்தது. இலங்கையில் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண, மணமுறிவுச் சட்டம் பதிவைக் கடமையாக்கியது. கொழும்பில் கடை வைத்திருந்த நம் முன்னோருக்கு இந்த ஏடுகள் அந்நியமானவை அல்ல.

இந்தியாவிலும் அதே 1880இல் காஜிகள் சட்டம் வந்தது. ஆனால் அது காஜிக்கு நீதி அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ எதனையும் வழங்கவில்லை. காஜி தரும் தலாக் சான்றிதழ் ஒரு கருத்துரையே. நீதிமன்றத்தில் அதற்குச் சட்ட மதிப்பு இல்லை என்று 2017 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியதும் இதனடிப்படையில்தான். ஆகவே ஜமாஅத்தின் காகிதத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அரசு அலுவலகப் படியேறினால், அங்கே மனக்குறைதான் மிஞ்சும்.

அந்தப் படியை ஏற வேண்டிய நிலைமை பெரும்பாலும் யாருக்கு வருகிறது? பெண்ணுக்குத்தான். வெளிநாட்டில் இருக்கும் கணவனிடம் செல்ல விசா கேட்பவள் அவள். கணவன் மௌத்தான பின், இத்தா முடித்து, வாரிசுச் சான்றுக்கும் ஓய்வூதியத்திற்கும் வங்கிப் பணத்திற்கும் அலைபவள் அவள். "இவள் என் மனைவியே அல்ல" என்று ஒருவன் துணிந்து கூறிவிட்டால், சாட்சி தேடித் தவிப்பவளும் அவள்தான். காயல்பட்டினத்தில் பெண்மக்களுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அவ்வீட்டிற்கு அழைத்துக் கொள்ளும் பழக்கம் தலைமுறைகளாக உள்ளது. மகளுக்கு வீட்டையே எழுதிக் கொடுக்கும் தகப்பனார், அவளுடைய நிக்காஹை அரசின் ஏட்டில் எழுத மறந்துவிடலாமா?

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இம்மாவட்டத்தார் எளிதில் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வெள்ளம் வீடு புகுந்தால் பெட்டியென்றும் அலமாரியென்றும் பாராது. ஒரே ஒரு காகிதத்தை நம்பியிருந்தால், அது கரைந்ததும் நம் கையில் ஒன்றுமில்லை. அரசுப் பதிவேட்டில் ஏறியிருந்தாலோ நகல் கேட்டுப் பெறலாம். அன்றைய மழை நமக்குச் சொல்லிச் சென்ற பாடங்களில் இதுவும் ஒன்று.

சரி, செய்ய வேண்டியது என்ன? திருமணம் நடந்ததற்கான சான்று, மணமக்களின் வயதுச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படங்கள், சாட்சிகள் ஆகியவை தேவை. முன்பு திருமணம் நடந்த ஊரின் சார்பதிவாளரிடமே செல்ல வேண்டியிருந்தது. 2020இல் வந்த திருத்தத்தின்படி, மணமகனோ மணமகளோ வசிக்கும் பகுதியின் சார்பதிவாளரிடமும் பதியலாம். வெளியூர்ச் சம்பந்தம் செய்வோருக்கு இது பெரிய வசதி.

பெயர்களில் மிகுந்த கவனம் வேண்டும். பள்ளிச் சான்றிதழில் முகமது, பாஸ்போர்ட்டில் முஹம்மது; ஓரிடத்தில் பாத்திமா, மற்றோரிடத்தில் ஃபாத்திமா பீவி. இவ்வேறுபாடு ஆங்கில எழுத்தில் ஏறும்போது இருவேறு ஆட்களாகவே ஆகிவிடுகிறது. இதன் வேர் பிறப்புச் சான்றில் உள்ளது. 2023ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், திருமணப் பதிவு முதலியவற்றிற்குப் பிறந்த தேதியையும் இடத்தையும் காட்டப் பிறப்புச் சான்றே ஆதாரம். ஆகவே தாய்மார்களே, அகீகாவின்போது சூட்டும் பெயரை எழுத்துப் பிசகாமல் பிறப்புப் பதிவிலும் உடனே ஏற்றிவிடுங்கள்.

வளைகுடாவிலிருந்து விடுப்பில் வரும் மாப்பிள்ளைகள் விருந்துகள் முடிந்து விமானம் ஏறும் அவசரத்தில் பதிவை மறந்துவிடுகிறார்கள். அடுத்த விடுப்பு வருமுன் சட்டம் தந்த 150 நாள்களும் ஓடிவிடும். நிக்காஹ் முடிந்த முதல் வாரத்திலேயே இதனை முடித்துவிடுவது நலம்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நிக்காஹுக்குத் தேதி கேட்டு வரும்போதே இரு வீட்டாரிடமும் சான்றுகளின் நகலை வாங்கிச் சரிபாருங்கள். தஃப்தரில் எழுதும் பெயரும் வயதும் அச்சான்றுகளை ஒத்திருக்கட்டும். மஹர் எவ்வளவு, ரொக்கமா நகையா, கொடுத்தாயிற்றா, பாக்கியா என்பதைத் தெளிவாக எழுதுங்கள். படித்த இளைஞர் இருவரை நியமித்து, பதிவு விண்ணப்பம் நிரப்ப உதவச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய்க்கு இதைவிடப் பெரிய ஒத்தாசை வேறில்லை.

நிக்காஹ் நடந்ததை ஊர் அறியும். ஆனால் ஊரில் அன்று சாட்சியாக நின்ற பெரியவர்கள் ஒவ்வொருவராக விடைபெற்றுச் செல்கிறார்கள். எழுத்து நிற்கிறது. உங்கள் குடும்பத்தில் அண்மையில் நிக்காஹ் நடந்திருப்பின், இதழை மூடிவைத்ததும் நாள்களைக் கணக்கிட்டுப் பாருங்கள். 90 நாள்கள் ஆகியிராவிட்டால் நாளைக் காலையே புறப்படுங்கள். இன்ஷா அல்லாஹ், அந்த ஒரு நாள் அலைச்சல் உங்கள் மகளைப் பல்லாண்டு அலைச்சலினின்றும் காக்கும்.