என்ன போட்டிருக்கிறார்கள்?



இது சுவைச் சிறப்பிதழ். இட்லி, சாம்பாரை உள்பக்கங்கள் பார்த்துக்கொள்ளும். இந்தப் பக்கத்தில் ஒரு பீரைப் பற்றிப் பேசப்போகிறேன். முகம் சுளிப்பவர்களும் கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள். பேச்சு குடியைப் பற்றியதல்ல, நாக்கைப் பற்றியது.

சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் பீர் ஆலையை 1965-இல் மூடவிருந்த நிலையில் வாங்கிக் காப்பாற்றியவர் ஃபிரிட்ஸ் மேடாக். அங்கே 1975 முதல் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கென ஒரு பீர் காய்ச்சினார்கள். ஒவ்வோர் ஆண்டும் சேர்மானம் மாறும். லேபிளில் வரைந்த மரமும் மாறும். எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து அது மசாலா சேர்ந்த கறுத்த பீராகவே வந்தது. என்ன மசாலா என்பதை மட்டும் ஆலை வெளியே சொன்னதில்லை.

இதை ஜில்லென்று குடித்தால் பாதி மணம் தெரியாது. பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். விளக்குக்கு நேரே பிடித்தால் கருமையின் ஓரத்தில் செம்மை தெரியும். முதலில் மூக்குக்கு எட்டுவது மசாலாதான். ஜாதிக்காயா, பட்டையா, ஊசியிலை மரத்தின் தளிரா என்று மேசைக்கு மேசை வழக்காடுவார்கள். ஒரு வாய் குடித்ததும் மசாலா ஒதுங்கி வழிவிடும். முளைகட்டி வறுத்த பார்லியிலிருந்து வரும் காப்பிக்கொட்டைச் சாயலும், கருக்கிய சர்க்கரையின் இனிப்பும் முன்னே வரும். பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்பு கடைசியில் வந்து கணக்கை முடிக்கும்.

பீரில் மசாலா சேர்ப்பது புது மோகம் அல்ல. ஹாப்ஸ் பரவுவதற்கு முன் ஐரோப்பாவில் மூலிகைகளைப் போட்டுத்தான் காய்ச்சினார்கள். பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மட்டுமே என்று பவேரியா சட்டம் போட்டது 1516-இல்.

ஆங்கரின் கிறிஸ்துமஸ் பீர் 2022-இல் 48-ஆம் முறையாக வந்தது. அடுத்த ஆண்டே ஆலை மூடப்பட்டது. 2024-இல் அதை வாங்கியவர் சோபானி தயிர் நிறுவனத்தைத் தொடங்கிய ஹம்டி உலுகாயா.

எதையும் வாயில் வைக்கும் முன்பே அதற்கு எத்தனை நட்சத்திரம் என்று பார்த்துவிடுகிற காலம் இது. அடுத்தவர் தீர்ப்பைப் படித்தபின் நம் நாக்கு அதையே வழிமொழிகிறது. அந்த ஆலை சேர்மானத்தை மறைத்ததால், குடித்தவர்கள் தாங்களே ருசித்துத் தேட வேண்டியிருந்தது. சுக்குக் காப்பியிலும் பாயசத்திலும் நாமும் அப்படித் தேடலாம்.

பயம் வேண்டாம், இந்த இதழின் சமையல் குறிப்புகளில் எந்த அளவையும் மறைக்கவில்லை. சமைத்ததை வீட்டில் பரிமாறும்போது மட்டும் பக்கத்தை மூடிவைத்துவிட்டு, என்னென்ன போட்டிருக்கிறது என்று கேளுங்கள். வந்த பதில்களை எங்களுக்கு எழுதுங்கள். தவறான பதில்களுக்கே முதலிடம்.

அன்புடன்,
ஆசிரியர்