ரெண்டு கிலோ கூடாரமும் காய்கறிக் கடைத் தராசும்

இந்தப் பக்கம் தலை காட்டி ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல புடுங்க வேண்டிய ஆணி அதிகம். அதைவிட வீட்டுல ஒரு பஞ்சாயத்து. ஒரு டென்ட்டுக்காக.

பையன் பத்தாவது பரீட்சை எழுதி முடிச்சுட்டான். லீவுல நானும் அவனும் முதுகுல மூட்டையைக் கட்டிக்கிட்டு மலைக்குப் போறதா ஒப்பந்தம். அவன் இணையத்துல ஒரு டென்ட் காட்டினான். எடை ஒரு கிலோ சொச்சம். விலை, காக்ஸ் டவுன்ல நாங்க குடியிருக்கிற வீட்டோட ஒரு மாச வாடகையைவிட ஜாஸ்தி! "பரண்லதான் ஒண்ணு கிடக்கே, 1,800 ரூபாய் போட்டு வாங்கினது, அது போதும்டா"ன்னேன். "அப்பா, சக்லேஷ்பூரை மறந்துட்டீங்களா?"ன்னு கேட்டான். வாயை மூடிக்கிட்டேன்.

சக்லேஷ்பூர் கதை இதுதான். மூணு வருஷம் முன்னாடி ஒரு அக்டோபர்ல, காப்பித் தோட்டத்துல குடும்பத்தோட டென்ட் போட்டோம். ராத்திரி ஒரு மணிக்கு மழை. ரெண்டு மணிக்குத் தையல் வழியா சொட்ட ஆரம்பிச்சு, மூணு மணிக்குப் படுக்கை மொத்தமும் நனைஞ்சுபோச்சு. மிச்ச ராத்திரியை நாலு பேரும் கார்ல உட்கார்ந்தே கழிச்சோம். "உங்க அப்பா சிக்கனத்துக்கு ஒரு அளவே இல்ல"ன்னு வீட்டம்மா சொன்னது இன்னும் காதுல இருக்கு. அன்னைக்குக் கார் பக்கத்துலேயே நின்னுச்சு. மலை மேல, பையனோட, கார் இல்லாத இடத்துல அந்த மழை பெய்ஞ்சிருந்தா?

அதனால ஒரு வாரம் உட்கார்ந்து படிச்சேன், கடை கடையா ஏறி இறங்கினேன். என் கட்சி இதுதான்: நானும் தப்பு, பையனும் தப்பு. நம்மள மாதிரி குடும்பஸ்தனுக்கு ஒரு கிலோ டென்ட் தேவையில்லை. 1,800 ரூபாய் டென்ட் ஆகவே ஆகாது.

முதல்ல எடை. பரண்ல இருந்த டென்ட்டை மார்க்கெட் பக்கம் தெரிஞ்ச காய்கறிக் கடைக்கு எடுத்துட்டுப் போய்த் தராசுல வெச்சேன். "இன்னா சார், இதையும் கிலோ கணக்குல விக்கிறாங்களா?"ன்னு கடைக்காரர் சிரிச்சார். டப்பா மேல 2 கிலோன்னு போட்டிருந்தது. தராசு 2 கிலோ 700 காட்டுச்சு. பொய்யான்னா, முழுப் பொய் இல்ல. துணியும் கம்பியும் மட்டும் ஒரு கணக்கு. முளைக்குச்சி, கயிறு, பை எல்லாம் சேர்த்தா இன்னொரு கணக்கு. நாம தூக்கப்போறது ரெண்டாவது கணக்கைத்தான். கடையில கேக்கும்போது "பையோட சேர்த்து எவ்வளவு?"ன்னு கேளுங்க.

ஆனா எடையைத் தனியா பார்த்துப் பயப்படவும் வேணாம். முதுகுச் சுமை மொத்தமும் உடம்பு எடையில அஞ்சுல ஒரு பங்குக்குள்ள இருந்தா நல்லதுன்னு அனுபவஸ்தர்கள் சொல்வாங்க. 70 கிலோ ஆளுக்கு 14 கிலோ. ரெண்டரைக் கிலோ டென்ட்டை ரெண்டு பேர் பிரிச்சுக்கிட்டா ஆளுக்கு ஒண்ணே கால் கிலோ. துணி என் பையில, கம்பியும் முளையும் அவன் பையில. பல ஆயிரம் ரூபாய் அதிகம் கொடுத்து மிச்சம் பிடிக்கிற எடை, பிரிச்சுப் பார்த்தா ஆளுக்கு முக்கால் கிலோகூட வராது. என் தொப்பையில ரெண்டு கிலோ குறைச்சா முட்டிக்கு அதைவிட லாபம், செலவும் இல்ல.

அடுத்தது மழை. இதுல கஞ்சத்தனம் கூடாது. டென்ட் துணியில 1500, 2000, 3000 மி.மீ.ன்னு ஒரு எண் இருக்கும். துணி மேல எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணி நின்னா ஒழுக ஆரம்பிக்கும்ங்கிற கணக்கு அது. மேல்துணிக்கு 2000 இருந்தா நம்ம பக்கம் பொதுவா சமாளிக்கலாம். தரைத்துணிக்கு இன்னும் கூடுதலா வேணும். ஏன்னா ஈரத் தரையில முட்டி போட்டா அந்த அழுத்தமே தண்ணியை மேல ஏத்திடும். எண் பெருசா இருந்து, தையல் மேல உள்பக்கமா டேப் ஒட்டலைன்னா சக்லேஷ்பூர்தான். கடையிலேயே உள்ளே தலையை விட்டுத் தையலைப் பாருங்க. வெக்கப்படாதீங்க.

ரெட்டைச் சுவர் இருக்கணும். உள்ளே கொசுவலை மாதிரி ஒரு கூடு, வெளியே மழைத்துணி, நடுவுல காத்து போக இடம். ஒத்தைத் துணி டென்ட்டுல மழையே இல்லாட்டியும் நாம விடுற மூச்சே காலையில துணியில முத்து முத்தா நிக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை ஈரத்துல அது இன்னும் மோசம். பனிமலைக்குன்னு செஞ்ச கனமான டென்ட்டும் நமக்கு வேஸ்ட். உள்ளே இட்லிப் பானைதான்.

கம்பி: விலை குறைஞ்சதுல ஃபைபர் கிளாஸ், கொஞ்சம் கூடினதுல அலுமினியம். ஃபைபர் கிளாஸ் கனம், உடைஞ்சா சிலும்பு கையில ஏறும். முடிஞ்சா அலுமினியம். நடைக்குச்சியை ஊன்றி நிறுத்துற டென்ட் இன்னும் லேசு, விலையும் கம்மி. ஆனா முளை அடிச்சாத்தான் நிக்கும். நம்ம மலைகள்ல பாதி இடம் பாறை. முதல் தடவை வாங்குறவங்களுக்குத் தானா நிக்கிற குடை மாதிரி டென்ட்தான் என் ஓட்டு. அதையும் கல்லுல கயிறு கட்டி இழுத்து நிறுத்துங்க, காத்து தூக்கிட்டுப் போயிடும்.

'ரெண்டு பேர்' டென்ட்னா தோளோட தோள் இடிச்சுப் படுக்கிற ரெண்டு பேர். பைக்கு இடம் இருக்காது. வாங்குறதுக்கு முன்னாடி உள்ளே படுத்துப் பாருங்க. இப்படி எல்லாம் சேர்ந்து, ரெண்டு, ரெண்டரைக் கிலோவுக்குள்ள, 5,000-லிருந்து 10,000 ரூபாய்க்குள்ள டென்ட் கிடைக்குதுங்கிறது நான் கடைகள்ல பார்த்த உண்மை.

முக்கியமா ஒண்ணு. மழையில நனைஞ்ச டென்ட்டைச் சுருட்டி அப்படியே பரண்ல போடாதீங்க. உள்பக்கப் பூச்சு ஈரத்துல கெட்டு, பிசுபிசுன்னு ஒட்டி, நாத்தம் அடிக்கும். ரெண்டே வருஷத்துல டென்ட் காலி. மொட்டை மாடிக் கொடியில நிழலாப் பார்த்து ஒரு நாள் காயப்போட்டா பல வருஷம் வரும். இதுக்கு நிகரான சிக்கனம் வேற இல்ல.

இவ்வளவு படிச்சுட்டு ஊருக்கு போன் போட்டேன். நமக்குச் சொந்த ஊர் போடி பக்கம். அம்மாகிட்ட விஷயத்தைச் சொன்னேன். எடை, கம்பி எதையும் அவங்க கேக்கல. ஒரே கேள்வி: "அது சரிய்யா, எங்க போடுவ அதை?"

அம்மா ஏன் கேட்டாங்கன்னு தெரியும். 2018 மார்ச் 11, குரங்கணி. எங்க ஊர்ல இருந்து நிமிர்ந்து பார்த்தா தெரியுற மலை. காட்டுத்தீயில சிக்கி 20-க்கும் மேற்பட்டவங்க செத்துப்போனாங்க. நம்மள மாதிரி கம்ப்யூட்டர் வேலை பார்த்த புள்ளைங்களும் அதுல உண்டு. அனுமதி பத்தியும் பாதை பத்தியும் அப்புறம் எத்தனையோ கேள்வி வந்துச்சு. போனவங்க திரும்பி வரல.

டென்ட் கையில இருந்தா, எங்க வேணாலும் போட்டுக்கலாம்னு ஒரு தைரியம் வந்துடுது. அந்தத் தைரியம்தான் ஆபத்துன்னு நினைக்கிறேன். காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம ராத்தங்கக் கூடாது. கர்நாடகாவுல 2024 தொடக்கத்துல குமார பர்வதத்துல ஒரே வார இறுதியில ஆயிரக்கணக்குல கூட்டம் ஏறினதுக்கு அப்புறம், வனத்துறை முன்பதிவைக் கட்டாயமாக்குச்சு. தமிழ்நாட்டுல 2024 அக்டோபர்ல 40 பாதைகளோட 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் வந்துச்சு. அதுல பெரும்பாலானவை காலையில போய்ச் சாயங்காலம் திரும்புற நடைதான், டென்ட்டுக்கு வேலையே இல்ல. இமயமலைப் பக்கமும் 2018 ஆகஸ்ட்ல உத்தரகாண்ட் உயர் நீதிமன்றம் புக்யால்னு சொல்ற உயர்மலைப் புல்வெளிகள்ல ராத்தங்கத் தடை போட்டுச்சு. குழுவா கூட்டிட்டுப் போறவங்க டென்ட்டை அவங்களே கொடுக்குறாங்க.

அப்போ வருஷத்துல எத்தனை ராத்திரி நம்ம சொந்த டென்ட்டுல படுப்போம்? விரல் விட்டு எண்ணினேன். நாலு. பையன் "ஆறு"ன்னான். சரி, அஞ்சு.

அதனால எங்க வீட்டுத் தீர்ப்பு: முதல் பயணத்துக்கு வாடகை டென்ட். இந்த ஊர்ல வாடகைக்குக் கொடுக்கிறவங்க இருக்காங்க. போறது, உரிமையாளர் சம்மதம் சொன்ன ஒரு காப்பித் தோட்டம். முழு மூட்டையோட ஏறி இறங்கிப் பார்ப்போம். திரும்பி வந்தும் ஆசை தீரலைன்னா, அந்த ரெண்டரைக் கிலோ டென்ட்டை வாங்குவோம். மிச்சமாகிற காசுல நல்ல படுக்கைப் பாயும் மழைக்கோட்டும். தரைக் குளிர் ஏறினா எந்த டென்ட்டும் காப்பாத்தாது.

பையன் முகம் கொஞ்சம் சுருங்குச்சு. அவனுக்கு எம்மா கேட்வுட் பாட்டி கதையைச் சொன்னேன். 1955-ல, 67 வயசுல, அமெரிக்காவோட அப்பலாச்சியன் பாதை முழுசையும் தனியா நடந்து முடிச்ச முதல் பெண். கையில டென்ட் கிடையாது. குளியலறைத் திரை ஒண்ணுதான் மழைக்கு. அவ்வளவு தூரம் ஏன்? வெள்ளியங்கிரி ஏழு மலையும் மூங்கில் தடியை ஊன்றிக்கிட்டு ஏறுற நம்ம பாட்டிமார் என்ன டென்ட்டா வெச்சிருக்காங்க?

"அப்ப நாமளும் குளியலறைத் திரையைக் கழட்டிட்டுப் போலாமாப்பா?"ன்னு கேட்டான். வீட்டம்மா சமையக்கட்டுல இருந்து எட்டிப் பார்த்தாங்க. நான் பதில் சொல்லல.

சாயங்காலம் அம்மாவுக்குத் திரும்பப் போன் போட்டு, தோட்டம் எங்க இருக்கு, யார் சம்மதம் கொடுத்தாங்க, எத்தனை மணிக்குத் திரும்புவோம்னு எல்லாம் சொன்னேன். "சரிய்யா, மழை வந்தா எறங்கிருங்க"ன்னாங்க. எங்க பட்டியல்ல அதையும் எழுதி வெச்சிருக்கோம், எல்லாத்துக்கும் மேல.