மைல் கணக்கை அழிக்காதீர்கள்
மன்னார்த் தாம்போதியில் ஓடும் பழைய மொறிஸ் மைனரில் வேகமுள் நடுங்கினால், உடனே மீற்றரைக் கழற்றி எறியாதீர்கள். பெரும்பாலும் குற்றம் கேபிளில்தான். கியர்பெட்டியிலிருந்து சுழன்றுவரும் அந்தக் கம்பி உப்புக்காற்றில் கறள் பிடித்து இறுகிவிடும். உருவித் துடைத்து, மேல்முனையில் சில அங்குலம் விட்டு, மெல்லிதாகக் கிறீஸ் பூசினால் போதும். அள்ளி அப்பினால் அது மீற்றருக்குள் ஏறி, சுழலும் காந்தத்துக்கும் அலுமினியக் கிண்ணத்துக்கும் நடுவே ஒட்டி முள்ளைத் தாறுமாறாக இழுக்கும். மாற்று மீற்றர் வாங்குவோர் ஸ்மித்ஸ் நிறுவன மீற்றர் முகப்பின் அடியிலுள்ள சிறிய எண்ணைப் பார்க்கவேண்டும். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று என்பதைச் சொல்வது அதுதான். பழைய எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே விதிதான். எண் மாறினால் வேகமும் பொய், தூரமும் பொய்.

எனக்குப் பொறுக்காதது, திருத்தும் சாட்டில் மைல் உருளைகளைப் பூச்சியத்துக்குத் திருப்புவது. வாங்குபவரை ஏமாற்றும் வேலை அது. போர்க்காலப் பெற்றோல் தடையின்போது வடக்கில் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகள் இவை. அந்த மைல்களை அழிக்க எவருக்கும் உரிமையில்லை. கழற்றுமுன் மைல் எண்ணைப் படமெடுத்து, அதே எண்ணோடு பூட்டித் தரச்சொல்லி மெக்கானிக்கிடம் கேளுங்கள்.