எதிர்ப்புச் சக்தியைக் கூட்டினால் போதுமா?

2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21ஆம் திகதி பார்லிமென்ட் வீதி 650ஆம் இலக்கத் தொடர்மாடியில் மின்கோளாறினால் தீ மூண்டது. ஏறக்குறைய 1,500 பேர் வெளியேற நேர்ந்தது. ஓராண்டுக்கு மேலாகியும் அவர்களால் திரும்ப முடியவில்லை. அதற்கு முன்னர், 2010 செப்டெம்பர் 24இல், வெலஸ்லி வீதி 200ஆம் இலக்கக் கட்டடத்தின் 24ஆம் மாடியில் எழுந்த தீ ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தெருவில் நிறுத்தியது. சென் ஜேம்ஸ் ரவுணில் வாழ்ந்த எம்மவர் இவற்றை மறந்திருக்கமாட்டார்கள். வீடுகள் எப்போது திருத்தப்படும் என்று அன்று பலரும் கேட்டனர். புகையைச் சுவாசித்தவரின் சுவாசக் குழாய் எவ்வாறு திருத்தப்படுகிறது என்று கேட்டவர் மிகச் சிலரே.

இருமல் நீடித்தால் எம்மிடையே கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது, அதைக் கூட்டும் லேகியமோ பானமோ வாங்கிக் குடியுங்கள். இவ்வறிவுரையின் அடிப்படையே பிழையானது என்பது எனது கருத்து.

புகையின் வெப்பம் பெரும்பாலும் தொண்டையுடன் நின்றுவிடும். அதற்குக் கீழே இறங்கிக் காயப்படுத்துவன கரித்துகள்களும் நச்சு வாயுக்களுமே. அவை சுவாசக் குழாயின் உட்படலத்திலுள்ள கலங்களை உரித்தெடுக்கின்றன. தூசியையும் சளியையும் மேலே தள்ளும் நுண்ணிய பிசிர்களும் அவற்றுடன் போய்விடுகின்றன. எஞ்சியிருக்கும் அடிக்கலங்கள் தட்டையாகி, நகர்ந்து, காயத்தை மூடி, பின்னர் பெருகிப் புதிய படலமாகின்றன.

இப்பணியை அவை தனித்துச் செய்வதில்லை. சில மணித்தியாலங்களுக்குள் குருதியிலிருந்து நியூட்ரோபில் என்னும் வெண்கலங்கள் வந்து சேர்கின்றன. கிருமிகளைக் கொல்லும் அவற்றின் நொதியங்கள் நல்ல கலங்களையும் அரிக்க வல்லவை. அடுத்து வருவன மக்ரோபேஜ் எனப்படும் பெருந்தின்கலங்கள். இறந்த கலங்களை மட்டுமன்றி, பணி முடிந்து மடியும் நியூட்ரோபில்களையும் இவை விழுங்குகின்றன. விழுங்கியபின் இவற்றின் குணமே மாறுகிறது. அழற்சியைத் தூண்டியவை அதனைத் தணித்து, வளர்ச்சிக்கான சைகைகளை அனுப்புகின்றன. காயத்தை நோக்கி இக்கலங்கள் வரும் வழியைத் தடுத்த எலிகளில் வாதனாளியின் உட்படலம் செம்மையாக மீளவில்லை என ஆய்வுகள் காட்டியுள்ளன.

இக்கலங்கள் குருதிக்கு வருவது என்பு மச்சையிலிருந்து. அங்குள்ள மூலக்கலங்களுக்கு முதன்முதலில் சான்று கிடைத்த இடம் எமது அயல்தான் என்பதைப் பலர் அறியார். சென் ஜேம்ஸ் ரவுணின் மேற்கு எல்லையான செர்போர்ன் வீதியில் 1990களின் நடுப்பகுதிவரை பிரின்சஸ் மார்கிரெட் வைத்தியசாலை இருந்தது. அங்கிருந்த ஒன்ராறியோ புற்றுநோய் நிறுவனத்தில் ஏர்னஸ்ட் மக்கலொக், ஜேம்ஸ் ரில் ஆகிய இருவரும் எலிகளின் மண்ணீரலில் எழுந்த சிறு முடிச்சுகளை ஆராய்ந்து, 1961இல் தம் முடிவை வெளியிட்டனர்.

ஆகவே தேவைப்படுவது வெறும் வலிமையன்று. வெண்கலங்கள் உரிய வேளையில் வரவேண்டும். உரிய வேளையில் அடங்கவும் வேண்டும். ஆஸ்துமா நோயாளரிடம் குறைவாக இருப்பது எதிர்ப்பு அன்று. அடங்காத எதிர்ப்பே அவர்களின் உட்படலத்தைச் சளி சுரக்கும் கலங்களால் நிரப்பி, குழாயை ஒடுக்குகிறது. வைத்தியர் நாள்தோறும் பாவிக்கச் சொல்லும் தடுப்புப் பஃபர் அந்த அழற்சியைத் தணிப்பதற்கானது. இருமல் நின்ற மறுநாளே அதனை அலமாரியில் வைத்துவிட்டு, மூச்சு முட்டும்போது மட்டும் நீலநிறப் பஃபரைத் தேடுகிறோம். மூன்று மாதங்களில் மீண்டும் அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்கிறோம்.

மற்றொன்று காலம். உட்படலத்தின் மேற்பரப்பு விரைவில் மூடப்பட்டாலும், பிசிர்கள் மீள வளர வாரங்கள் செல்லும். அதற்குள் மீண்டும் எண்ணெய்ப் புகையிலோ பிளீச் ஆவியிலோ நின்றால் காயம் புதிதாகிறது. உணவகக் குசினியிலும் இரவுத் துப்புரவிலும் உழைக்கும் எம்மவர் எத்தனை பேர்! வேலை போய்விடுமோ, அகதி விண்ணப்பத்துக்குப் பாதகமாகுமோ என்ற அச்சத்தில், தாம் செய்யும் வேலையை வைத்தியரிடமே மறைப்போர் உண்டு. வைத்தியரிடம் சொல்வது இரகசியமாகவே பேணப்பட வேண்டும் என்பது சட்டம். தீயின் பின் இருமல் நீடித்தால், எந்த மாடியில் இருந்தீர்கள், எவ்வளவு நேரம் புகையில் நின்றீர்கள், இப்போது எங்கே, எதன் நடுவே வேலை செய்கிறீர்கள் என்பவற்றை அவர் கேளாமலே சொல்லுங்கள். சுவாசப்பைச் சோதனை வேண்டுமா என்றும் கேளுங்கள்.