முதலில் நடுவர் மேசையைத் திருத்துங்கள்

பாரிஸ் ஒலிம்பிக் தொடங்கச் சில நாள்களே இருந்தபோது, 2024 ஜூலையில், பிரிட்டனுக்கு மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்று தந்த சார்லட் டுஜார்டின் போட்டியிலிருந்து விலகினார். பயிற்சியின்போது ஒரு குதிரையின் கால்களை அவர் சவுக்கால் திரும்பத் திரும்ப அடிக்கும் காணொளி வெளியானதே காரணம். சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் ஓராண்டுத் தடையும் 10,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதமும் விதித்தது. தண்டனை சரிதான். ஆனால், ஒருவரைத் தண்டித்ததோடு, பழக்கிய குதிரையின் நடை, ஓட்டம், அசைவுகளுக்கு நடுவர்கள் மதிப்பெண் போடும் அவருடைய ஆட்டமான டிரெஸ்ஸாஜின் உலகம் கணக்கை முடித்துக்கொள்ளப் பார்ப்பது சரியல்ல. எதற்கு மதிப்பெண் விழுகிறதோ, அதற்குத்தான் குதிரை பழக்கப்படுகிறது.

1912இல் ஸ்டாக்ஹோமில் ஒலிம்பிக்குக்குள் வந்தபோது டிரெஸ்ஸாஜ் ராணுவ அதிகாரிகளின் ஆட்டம். 1948இல் தங்கம் வென்ற ஸ்வீடன் அணியில் ஒருவர் உண்மையில் அதிகாரியல்ல, சார்ஜென்ட் என்பதற்காகப் பதக்கத்தையே பறித்தார்கள்! 1952இல் ராணுவத்தில் இல்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் கதவு திறந்ததும், போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல் வெள்ளி வென்றார். குதிரைகளும் மாறின. ஐரோப்பிய வயல்களில் டிராக்டர் இறங்கியபின், வேலை இழந்த பண்ணைக் குதிரைகளோடு பந்தயக் குதிரை ரத்தத்தைக் கலந்து, ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் விளையாட்டுக்கென்றே இலகுவான இனங்களை உருவாக்கினார்கள். இவையெல்லாம் நல்ல மாற்றங்களே. இன்றைய குதிரையின் நடையழகை அன்றைய படைக்குதிரையிடம் தேட முடியாது.

கோளாறு அந்த அழகுக்கு விலை வைத்ததில் வந்தது. 2009இல் எட்வர்ட் ஹால் ஓட்டிய டோட்டிலாஸ் என்ற குதிரை, இசைக்கேற்ற ஆட்டத்தில் 90 சதவீதத்தைத் தாண்டியது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அதன் முன்னங்கால் மார்பளவுக்கு வீசி எழும். ஆனால், பின்னங்கால் அந்த அளவுக்கு முன்னேறி வராது. நீட்டி வைக்கும் ஓட்டத்தில் இரண்டும் ஒரே கோணத்தில் செல்ல வேண்டும் என்பது பழைய பாடம். கழுத்துக்கும் விதி உண்டு: பிடரியின் உச்சியே உயர்ந்த இடமாக இருக்க வேண்டும், மூக்கு செங்குத்துக்கோட்டுக்குச் சற்று முன்னே நிற்க வேண்டும். மோவாய் மார்பைத் தொடுமளவு கழுத்தை மடக்கிப் பழக்கும் ‘ரோல்கூர்’ முறை இதற்கு நேர் எதிரானது. 2009இல் டென்மார்க்கில் ஒரு போட்டிக்கு முந்தைய பயிற்சியில், குதிரையின் நாக்கு நீலம் பாரித்துத் தொங்கிய காணொளி உலகையே உலுக்கியது. மறு ஆண்டு லொசானில் கூடிய சம்மேளனம், வலுக்கட்டாயமாகக் கழுத்தை மடக்குவது கூடாது என்றது. கூடவே, வலுக்கட்டாயமில்லாமல் தாழ்த்தி வளைப்பது வேறு என்றும் சொல்லி, புறவாசலைத் திறந்தே வைத்தது.

அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் சீர்திருத்தமே இல்லை என்று சொல்ல முடியாது. 2021 முதல் பழைய உயரத் தொப்பி போய்த் தலைக்கவசம் கட்டாயமானது. சவாரி செய்பவரின் தலைக்கு! குதிரையின் மூக்குப்பட்டை இறுக்கத்தை ஒரே அளவுகோலால் சோதிக்க 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாயில் இரண்டு இரும்புகள் செல்லும் இரட்டைக் கடிவாளமோ பாரிஸிலும் கட்டாயமாகவே இருந்தது. அதை அவரவர் விருப்பத்துக்கு விட வேண்டும். சாதாரணக் கடிவாளத்தில் அதே ஆட்டத்தை ஆடிக்காட்டும் குதிரைக்கு அது இழுக்கல்ல, பெருமை.

அதைவிட முக்கியம் நடுவர் மேசை. மூக்கு கோட்டுக்குப் பின்னால் போனாலும், வால் ஓயாமல் சுழன்றாலும், வாய் பிளந்தாலும் அந்த அசைவுக்கு உயர்ந்த மதிப்பெண் கிடைக்கக் கூடாது. விதி ஏற்கெனவே இருக்கிறது. அதை அமல்படுத்தும் துணிச்சல்தான் வேண்டும். எந்த அசைவுக்கு எதற்காக மதிப்பெண் குறைந்தது என்று நடுவர்கள் எழுத்தில் சொல்லட்டும். பயிற்சித் திடலில் நடப்பதையும் முழுமையாகப் படம்பிடிக்கட்டும்.

இந்தியாவும் இதில் வேடிக்கை பார்க்கும் நாடல்ல. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிரெஸ்ஸாஜ் அணித் தங்கம் நம்முடையது. பாரிஸில் அனுஷ் அகர்வாலா இந்தியாவுக்காக இந்தப் பிரிவில் களமிறங்கினார். சம்மேளனத்தின் பொதுச்சபையில் ஜெர்மனிக்கு இருப்பதுபோல் நமக்கும் ஒரு வாக்கு இருக்கிறது. கடிவாள விதி அடுத்து வாக்கெடுப்புக்கு வரும்போது, நம் பிரதிநிதி எந்தப் பக்கம் கை தூக்குவார் என்பதை இந்தியக் குதிரையேற்றச் சம்மேளனம் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.