வயதைப் பார்க்காதீர்கள், பிரேக்கைப் பாருங்கள்

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் தயாரான முதல் சான்ட்ரோ கார்கள் 2048-ல்தான் 'விண்டேஜ்' ஆகும். மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சேசிஸ், பாடி, என்ஜின் மாற்றப்படாத சொந்த உபயோக வண்டிகளுக்கே அந்தத் தகுதி. அதுவரை அவை வெறும் பழைய கார்கள்தான். 15 ஆண்டு முடிந்ததும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பிரேக் இன்ஸ்பெக்டர் முன் நிற்க வேண்டும். 20 ஆண்டு தாண்டினால், 2025 ஆகஸ்ட் முதல் பதிவைப் புதுப்பிக்க 10,000 ரூபாய். வண்டியைக் கண்ணும் கருத்துமாகப் பராமரித்தவருக்கும் அதே தொகைதான்.

ஐம்பதைத் தாண்டிய வண்டிக்கோ, 20,000 ரூபாய் கட்டி 'விஏ' வரிசை எண் வாங்கினால் பதிவு 10 ஆண்டு செல்லும். மூப்பு கூடக் கூட, சோதனைக்கான இடைவெளியும் கூடுகிறது. இது தவறு.

கண்காட்சிக்கும் பேரணிக்கும் மட்டும் வெளியே வரும் வண்டிக்குச் சோதனை எதற்கு என்று கேட்கலாம். ஓடாமல் நிற்பதுதான் இந்த வண்டிகளைக் கெடுக்கிறது. பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். வீல் சிலிண்டர் உள்ளே துருப்பிடிக்கும், ரப்பர் இறுகிப்போகும். பட்டன் தேயாத டயரின் பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருக்கும். அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன். ஓரிடத்தில் கசிந்தால் பெடல் தரைவரை போய்விடும். ஷிப்ட் முடியும் நேரத்தில், கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் நெருக்கும் ஒரகடம் சாலையில் அப்படி நடந்தால் என்ன ஆகும்?

பிரிட்டன் 2018-ல், பெரிய மாற்றம் செய்யப்படாத 40 வயது கடந்த வண்டிகளுக்கு ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கு அளித்தது. ஜெர்மனி 30 வயதிலேயே பாரம்பரிய வாகனம் என்று அங்கீகரிக்கிறது. ஆனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதனையை விடவில்லை. நாம் பின்பற்ற வேண்டியது ஜெர்மனியைத்தான்.

சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு முதல் சான்ட்ரோ வரை இந்த மண்ணின் தொழிலாளர் உழைப்பு. அவை காயலான் கடைக்குப் போகக் கூடாது. தகுதி வயதை 30 ஆக்குங்கள். வயதைக் காட்டிக் கட்டணம் ஏற்றுவதை நிறுத்துங்கள். அதற்கு ஈடாக பிரேக், ஸ்டியரிங், டயர், விளக்கு நான்கையும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, விலக்கே இல்லாமல் சோதியுங்கள். புகை அளவை மட்டும் வண்டி தயாரான காலத்து விதிப்படி பாருங்கள்.

புதிய வாகனங்களைச் சோதிக்கும் மத்திய அரசின் ஜி.ஏ.ஆர்.சி. மையம் ஒரகடத்திலேயே இருக்கிறது. பழைய வண்டிகளுக்கும் அங்கே ஒரு சோதனைத் தடத்தை ஒதுக்கும்படி தமிழக அரசு மத்திய அரசிடம் கேட்க வேண்டும்.